கிடைமட்டக் கரையும் நெடிய திரையும்: தூத்துக்குடிக் காட்சிகளைத் திறன்பேசி வால்பேப்பராக அமைத்தல்

திறன்பேசித் திரையின் பின்னணியில் நிற்கும் வால்பேப்பர் படத்தைச் சரியான அளவில் வடிவமைப்பது பெரும்பாலும் ஓர் எண்ணிணையைக் கண்டறியும் வேலையாகவே பேசப்படுகிறது. ஒரு கைபேசிக்கு 1080 × 2400, இன்னொன்றுக்கு 720 × 1600 என்று அட்டவணை தந்துவிட்டால் கேள்வி தீர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. தூத்துக்குடிக் கடற்கரையின் காட்சிகளை இந்தத் திரைகளுக்குள் கொண்டுவர முயலும்போது அந்த அட்டவணை போதாமல் போகிறது. வேம்பாற்றிலிருந்து பெரியதாழை வரை நீளும் இம்மாவட்டக் கரை, உப்பளப் பாத்திகளும் அலைதடுப்புச் சுவர்களும் தாழ்ந்த மணல் தீவுகளும் தொடுவானமும் இடவலமாகவே விரியும் நிலமாக இருக்க, திறன்பேசித் திரையோ மேல்கீழாக நெடிதுயர்ந்து நிற்கிறது. ஆகவே சரியான அளவு என்பதைப் புள்ளிகளின் எண்ணிக்கை, உயர அகல விகிதம், படத்தின்மேல் வந்து அமரும் கடிகாரத்திற்கும் செயலிக் குறிகளுக்கும் ஒதுக்க வேண்டிய இடம் என்னும் மூன்று கேள்விகளாகப் பிரித்து ஆராய்வது தகும். இவற்றுள் முதற்கேள்விக்குத் தேவைக்கு மிகுந்த கவனம் தரப்பட்டுவிட்டது என்பதும், இக்கரையின் படங்களைப் பொறுத்தவரை முடிவு செய்பவை மற்ற இரண்டுமே என்பதும் இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

திரையில் தனித்து ஒளிரக்கூடிய மிகச் சிறிய அலகு பிக்சல் அல்லது படப்புள்ளி. ஒரு திரையின் அகலத்திலும் உயரத்திலும் அமைந்த புள்ளிகளின் எண்ணிக்கை அதன் பிரிதிறன். ஓர் அங்குல நீளத்திற்குள் அடங்கும் புள்ளிகளின் எண்ணிக்கை புள்ளியடர்த்தி. 2007இல் வெளிவந்த முதல் ஐபோனின் திரை 320 × 480 புள்ளிகளைக் கொண்டிருந்தது. 2010இல் வந்த ஐபோன் 4, திரையின் பரப்பை மாற்றாமலேயே இரு பக்கமும் புள்ளிகளை இரட்டிப்பாக்கி, 640 × 960 என்னும் பிரிதிறனையும் அங்குலத்திற்கு 326 என்னும் அடர்த்தியையும் எட்டியது. ஆண்ட்ராய்டுக் கைபேசிகள் 720 × 1280, 1080 × 1920, 1440 × 2560 எனப் படிப்படியாக ஏறின. இன்று குறைந்த விலைக் கைபேசிகளில் 720 × 1600 என்பதும், நடுத்தர விலைக் கைபேசிகளில் 1080 × 2400 என்பதும் பரவலாகக் காணப்படுகின்றன. அடர்த்தியைக் கணக்கிட, அகலப் புள்ளிகளின் வர்க்கத்தையும் உயரப் புள்ளிகளின் வர்க்கத்தையும் கூட்டி, அக்கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தைத் திரையின் மூலைவிட்ட அங்குலத்தால் வகுக்க வேண்டும். 6.5 அங்குலத் திரை ஒன்றில் 720 × 1600 என்பது அங்குலத்திற்கு ஏறத்தாழ 270 புள்ளிகளையும், 1080 × 2400 என்பது ஏறத்தாழ 405 புள்ளிகளையும் தருகிறது.

இயல்பான பார்வையுடைய கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு எனக் கொள்வது கண்மருத்துவ மரபு. கைபேசியை 30 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்திருப்பவருக்கு அக்கோணம் 0.087 மில்லிமீட்டர் அகலத்திற்குச் சமமாகும். அதாவது அங்குலத்திற்கு 290 புள்ளிகள் அளவில் தனிப்புள்ளிகள் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றத் தொடங்குகின்றன. இதன்படி பார்த்தால் நடுத்தர விலைக் கைபேசிக்கு அதன் திரையளவுக்குச் சரியான படமே போதும். நான்கு மடங்கு பெரிதான கோப்பைத் தேடி இறக்குவதால் கண்ணுக்குக் கிடைக்கும் கூடுதல் பயன் எதுவும் இல்லை. குறைவாக இருப்பதோ உடனே தெரியும். தோணியின் பாய்மரக் கயிறுகள், சரக்குப் பெட்டகங்களைத் தூக்கும் பாரந்தூக்கிகளின் எஃகுச் சட்டங்கள், உப்பளத்திற்கு நீர் இறைக்கும் எந்திரங்களுக்குச் செல்லும் மின்கம்பிகள் போன்ற மெல்லிய சாய்கோடுகள், 600 புள்ளி அகலப் படத்தை 1080 புள்ளிக்கு இழுக்கும்போது படிக்கட்டுகளாக உடைந்தோ மங்கிக் கலைந்தோ போகின்றன. படத்தில் முதலிலேயே பதிவாகாத கயிற்றை எந்தப் பெரிதாக்கலும் மீட்டுத் தராது. செய்திச் செயலிகள் வழியே கைமாறி வரும் படங்கள் ஒவ்வொரு கையிலும் சுருக்கப்பட்டு வருவதால், திருவிழாப் படங்கள் பலவும் வால்பேப்பராகும் முன்பே இந்த நிலையை அடைந்துவிடுகின்றன. எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பாகவே பெறுவதுதான் இதற்கு வழி.

வடிவமைப்பாளர்கள் தடுமாறும் இன்னோர் இடமும் இங்கே உண்டு. செயலி வடிவமைப்பு மென்பொருள்கள் திரையளவை உண்மைப் புள்ளிகளில் தராமல், அடர்த்தியின் வேறுபாட்டைச் சமன்செய்யும் கருத்தியல் அலகுகளில் தருவது வழக்கம். ஐபோன் 10இன் திரை அத்தகைய அலகில் 375 × 812 என்று காட்டப்படும். அதன் உண்மைப் புள்ளிகளோ ஒவ்வொரு பக்கமும் மும்மடங்காக 1125 × 2436. ஆண்ட்ராய்டிலும் அங்குலத்திற்கு 160 புள்ளி என்னும் அடிப்படை அளவை வைத்துக்கொண்டு 1.5, 2, 3, 4 என்னும் பெருக்கங்கள் பயன்படுத்தப்படுகின்றன. பொத்தான்களுக்கும் எழுத்துகளுக்கும் ஏற்பட்ட இம்முறையை வால்பேப்பருக்கும் கொண்டுவந்தால், படம் வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்காகக் குறுகிவிடும். வால்பேப்பர் எப்போதும் உண்மைப் புள்ளிகளிலேயே அளக்கப்பட வேண்டும்.

புள்ளிகளின் எண்ணிக்கை இவ்வாறு கணக்கில் அடங்கிவிடுகிறது. விகிதம் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. முதல் ஐபோனின் திரை உயரம் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்காக, அதாவது 3:2 ஆக இருந்தது. பின்னர் தொலைக்காட்சியின் 16:9 விகிதம் கைபேசிக்கு வந்தது. 2017ஆம் ஆண்டில் எல்ஜி ஜி6 கைபேசி 18:9 விகிதத்துடனும், சாம்சங் கேலக்ஸி எஸ்8 கைபேசி 18.5:9 விகிதத்துடனும், ஐபோன் 10 அதனினும் நெடிய திரையுடனும் வந்தபின், 20:9 என்பது ஆண்ட்ராய்டு உலகின் பொதுவழக்காகிவிட்டது. பத்தே ஆண்டுகளில் திரை இவ்வளவு நெடிதானபோது ஒளிப்படக் கருவிகளின் சட்டகம் மாறவில்லை. தொழில்முறைக் கேமராக்கள் இன்றும் 3:2 விகிதத்தையும், கைபேசிக் கேமராக்கள் 4:3 விகிதத்தையும் கொண்டே படமெடுக்கின்றன.

கேமராவைக் கிடையாகப் பிடித்து 3:2 விகிதத்தில் எடுத்த படத்தின் முழு உயரத்தையும் வைத்துக்கொண்டு 20:9 திரைக்கு வெட்டினால், அகலத்தில் 30 விழுக்காடு மட்டுமே எஞ்சும். 4:3 படமாயின் 33.75 விழுக்காடு எஞ்சும். முயல் தீவிலிருந்து நகரின் கடல்முகத்தை இடமிருந்து வலமாக முழுமையாகப் பிடித்த படத்தில் பத்தில் ஏழு பங்கு திரைக்கு வராமலே போகிறது என்பது இதன் பொருள். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் வடக்கு, தெற்கு அலைதடுப்புச் சுவர்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுடையவை. இரண்டுக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பு உண்டு. 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இந்த அமைப்பின் பெருமையே அதன் நீளத்தில் இருக்க, அந்நீளத்தைப் பக்கவாட்டில் காட்டும் எந்தப் படமும் கைபேசியில் சாம்பல் நிறக் கோடு ஒன்றாகச் சுருங்கிவிடும். கப்பலுக்கும் இதே கதிதான். பக்கவாட்டில் தெரியும் கப்பலின் நீளம் அதன் உயரத்தைப்போல் 6 மடங்கு எனக் கொண்டால், 1080 புள்ளி அகலத்தில் முழுக் கப்பலையும் அடக்கும்போது அதன் உயரம் 180 புள்ளிகளே. 2400 புள்ளி உயரத்தில் எஞ்சிய 2220 புள்ளிகள் வானும் நீருமாக நிற்கும். 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் நினைவாகக் கப்பற்படம் ஒன்றை வால்பேப்பராக்க விரும்பும் மாணவர், பக்கவாட்டுத் தோற்றத்தை விடுத்து முன்னணியத்தை எதிர்நோக்கும் தோற்றத்தைத் தேர்ந்தால், அதே கப்பல் திரையை நிறைத்து எழும்.

வெட்டுவதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது. 12 மெகாபிக்சல் கைபேசிக் கேமரா கிடையாக 4000 × 3000 புள்ளிகளில் எடுத்த படத்தை 20:9 திரைக்கு வெட்டினால் 1350 × 3000 கிடைக்கும். 1080 × 2400 திரைக்கு இது போதும் என்றாலும், மிச்சம் ஒன்றேகால் மடங்குதான். அதற்குமேல் ஒரு பொருளை நெருக்கிக் காட்ட வெட்டத் தொடங்கினால் படம் திரையைவிடச் சிறியதாகிவிடும். தூத்துக்குடியில் இந்த எல்லை அடிக்கடி தாண்டப்படுவதற்குக் காரணம் உண்டு. துறைமுக வளாகம் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் காவலில் இருப்பதாலும், உள்ளே அனுமதியின்றிப் படமெடுக்க இயலாததாலும், பொதுமக்கள் எடுக்கும் கப்பற்படங்கள் தொலைவிலுள்ள கடற்கரையிலிருந்தே எடுக்கப்படுகின்றன. கப்பல் படத்தின் மையத்தில் சிறு பகுதியாகவே அமைகிறது. ட்ரோன் கொண்டு மேலிருந்து எடுப்பதற்கும் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரித்துக் கட்டுப்பாடு வகுத்துள்ளன. ஆகவே வெட்டிச் சரிசெய்யலாம் என்று எண்ணிப் படமெடுப்பவர், கரையில் நிற்கும்போதே பாதிப் படத்தை இழந்துவிடுகிறார்.

அப்படியானால் கிடைமட்ட நிலத்தை நெடிய திரைக்கு எவ்வாறு கொணர்வது? நோக்கும் திசையை மாற்றுவதே மிகச் சிறந்த வழி. பார்வையாளரின் குறுக்கே ஓடும் கோடு படத்தில் கிடையாகத் தெரியும். அவரிடமிருந்து விலகி ஓடும் அதே கோடு படத்தில் கீழிருந்து மேலாக ஏறும். உப்பளத்தை அதன் வரப்பின்மேல் நின்று வரப்பின் நீளவாக்கில் நோக்கினால், பாத்திகள் இருபுறமும் குறுகிக்கொண்டே தொடுவானம் வரை ஏறுகின்றன. குவித்து வைத்த உப்பு அம்பாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உயரத்தில் அடுக்கப்படுகின்றன. மீன்பிடித் துறைமுகத்தின் படகு வரிசைக்கும் இது பொருந்தும். கிழக்கு நோக்கிய இக்கரையில் கதிரவன் கடலிலிருந்து எழும்போது நீரின்மேல் விழும் ஒளித்தடம், கண்ணை நோக்கி நேராக நீண்டு வரும் செங்குத்துப் பட்டையாக அமைவதால், மேற்கு நோக்கிய கரைகளில் மாலையில் கிடைப்பது இங்கு ஒவ்வொரு காலையும் கிடைக்கிறது. இவற்றுடன் இயல்பிலேயே நெடிதான பொருள்களும் இம்மாவட்டத்தில் குறைவல்ல: கலங்கரை விளக்கம், தோணியின் பாய்மரம், குதிரைமொழித் தேரியின் செம்மணலில் நிற்கும் பனை, திருச்செந்தூர்க் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம், சிறப்பு ஆண்டுகளில் மட்டும் வடம்பிடிக்கப்படும் பனிமய மாதா பேராலயத்தின் பொன் தேர். 1713இல் எழுந்த அப்பேராலயத்தையே எடுத்துக்கொண்டாலும், தெருவின் எதிர்ப்புறமிருந்து முழுக் கட்டடத்தையும் அடக்க முயல்வதைவிட, முகப்பின் நடுப்பகுதியை மட்டும் நெடிய சட்டகத்தில் எடுப்பதே திரைக்கு ஏற்றது.

அகன்ற காட்சியை நெடிய பரப்புக்கு மாற்றும் இந்தக் கலைச்சிக்கல் இம்மாவட்டத்திற்குப் புதிதன்று. நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா, அதாவது மேடையின் பின்னணித் திரைச்சீலை, வரைந்துவந்த கொண்டைய ராஜு (1898–1976) 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்டு, தம் மாணவர்களுடன் நாள்காட்டிப் படங்கள் வரையலானார். அவை சிவகாசி அச்சகங்களில் அச்சாகித் தென்னிந்திய வீடுகளையும் கடைகளையும் அடைந்தன. மேடையின் முழு அகலத்தையும் நிறைக்கும் அரண்மனை மண்டபத்தையும் காட்டையும் வரைந்து பழகிய கை, ஆணியில் தொங்கும் நெடிய தாளுக்குள் ஒரு தெய்வத்தை நிறுத்த வேண்டியிருந்தது. நாள்காட்டி ஓவியத்தின் பொது இலக்கணம் இக்கட்டாயத்திலிருந்தே உருவாகியிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு: உருவம் நடுவில் நேர்முகமாக நிற்கும்; மண்டபமும் மலையும் ஆறும் பக்கங்களில் விரியாமல் உருவத்தின் பின்னே ஆழத்தில் அடுக்கப்படும்; காலடிக்குக் கீழே தேதித்தாள் கட்டுக்கும் நிறுவனத்தின் பெயருக்கும் இடம் விடப்படும். அந்த இடம் ஓவியத்தின் குறையாகத் தோன்றாதபடி மேகமாகவோ தாமரைக் குளமாகவோ வரைந்து முடிக்கப்படும்.

இந்த ஏற்பாடு இன்றைய வால்பேப்பர் வடிவமைப்பின் நேரடி முன்னோடி எனலாம். வேறுபாடு ஒன்று உண்டு. நாள்காட்டியில் எழுத்து கீழே வந்தது, கைபேசிப் பூட்டுத்திரையில் கடிகாரம் மேலே வருகிறது. தெய்வத்தின் முகத்தின்மேல் எழுத்து விழக்கூடாது என்பது நாள்காட்டி மரபில் சொல்லாமலே காக்கப்பட்ட நெறி. மாதாவின் திருவுருவத்தையோ முருகனின் திருமுகத்தையோ திரையின் மேற்பகுதியில் வைத்து, அதன் நெற்றியில் மணியும் நிமிடமும் ஓடவிடும் படங்கள் இன்று எண்ணற்றுப் பரவுகின்றன. பக்தியுடன் வைக்கப்பட்ட படத்தையே இது சிறுமைப்படுத்துகிறது என்பதை வடிவமைப்பாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கோவில்பட்டி, சிவகாசி வட்டாரத்தின் தீப்பெட்டி லேபிள்களும் இங்கு ஒரு பாடம் தருகின்றன. விரலளவுத் தாளில் ஒரே உருவம், தடித்த புறக்கோடு, இரண்டு மூன்று நிறங்கள் என்று அவை சுருங்கியதால்தான் கடையின் மேல்தட்டில் இருக்கும்போதும் இனங்காணப்பட்டன. செயலிக் குறிகள் வரிசையாக அமரும் முகப்புத்திரைக்கும் அவ்வகைச் சிக்கனமே வேண்டும்.

திரையின்மேல் அமர்பவை எவை என்று இனிப் பார்க்கலாம். பூட்டுத்திரையில் மேல் மூன்றில் ஒரு பங்களவில் கடிகாரமும் தேதியும், அதன் கீழே அறிவிப்புகளும் வருகின்றன. முகப்புத்திரையில் செயலிக் குறிகளின் வரிசைகளும் அடியில் நிலையான குறிப்பட்டையும் இருக்கின்றன. மேல்விளிம்பில் முன்புறக் கேமராவின் துளையோ பள்ளமோ உண்டு. இவற்றால் மறையாமல் முதன்மைப் பொருள் தெளிவாகத் தெரியும் பரப்பைக் காப்புப் பகுதி எனலாம். இரு திரைகளுக்கும் காப்புப் பகுதி ஒன்றல்ல என்பதால், 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 பூட்டுத்திரைக்கும் முகப்புத்திரைக்கும் வெவ்வேறு படங்களை வைக்க வழிசெய்தது பயனுள்ள மாற்றமாகும். படம் அசையவும் செய்கிறது. ஆண்ட்ராய்டின் முகப்புத்திரை பக்கம் பக்கமாக நகரும்போது பின்னணியும் சற்றே நகரும் வழக்கத்திற்காகத் திரையைவிட அகலமான படம், முற்காலத்தில் இருமடங்கு அகலம்கூட, கேட்கப்பட்டது. ஐபோனின் இயங்குதளமாக 2013இல் வந்த ஐஓஎஸ் 7, கைபேசியைச் சாய்க்கும்போது பின்னணி நகரும் விளைவைக் கொண்டுவந்து, அதற்காகப் படத்தைச் சிறிது பெரிதாக்கிக் காட்டியது. ஆகவே திரையளவுக்கு இம்மியும் பிசகாமல் செய்த படம் சில கைபேசிகளில் ஓரங்கள் வெட்டுப்பட்டே தெரியும். 2022இன் ஐஓஎஸ் 16 படத்திலுள்ள உருவத்தைத் தானே பிரித்தறிந்து கடிகாரத்தின் முன்னே நிறுத்தவும் வல்லது. பாய்மரத்தின் உச்சியோ பனையின் கொண்டையோ எண்களைச் சற்றே தொட்டு நிற்கும் படங்களுக்கு இது அழகு சேர்க்கக்கூடியது.

கடற்படங்களில் எல்லாவற்றிற்கும் முந்திய முடிவு தொடுவானத்தை எங்கே வைப்பது என்பதாகும். படத்தின் நடுவில் வைத்தால் அது முகப்புத்திரையில் குறி வரிசை ஒன்றின் ஊடே ஓடி, குறிகளின் பெயர்களைப் படிக்கவிடாமல் செய்யும். மேலே வைத்தால் கடிகார எண்களைக் குறுக்கே அறுக்கும். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைப்பதே இரு திரைகளுக்கும் ஒத்துவருகிறது. அவ்வாறு வைத்தால் படத்தின் மூன்றில் இரு பங்கு வானமாகிவிடும் என்பது உண்மைதான். ஆயினும் ஆண்டின் பெரும்பகுதி மழையின்றி, வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பியிருக்கும் தூத்துக்குடியில் தெளிந்த வானத்திற்குப் பஞ்சமில்லை, அத்தெளிவே எண்களுக்கு நல்ல பின்புலமாகிறது. இதற்கு மாறானவை உப்பு அம்பாரங்கள். கடிகார எண்கள் பெரும்பாலும் வெண்ணிறத்தில் வருவதால், வெயிலில் பளிச்சிடும் உப்பின் வெண்மையை அவற்றின் பின்னே வைத்தால் மணி தெரியாது. உப்பு கீழேயும் நீலம் மேலேயும் அமைவதே முறை. 2021இன் ஆண்ட்ராய்டு 12 முதல் சில கைபேசிகள் வால்பேப்பரின் நிறங்களிலிருந்தே பட்டியல்களுக்கும் பொத்தான்களுக்கும் நிறம் எடுத்துக்கொள்வதால், தேரி மணலின் செம்மை ஓரமாகச் சிறிது இருந்தாலும் கைபேசி முழுவதும் அதன் சாயல் பரவக்கூடும் என்பதும் நினைவிற்குரியது.

தெளிந்த வானம் தன்னுடன் ஒரு தொழில்நுட்பத் தொல்லையையும் கொண்டுவருகிறது. வழக்கமான படக்கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகளே உண்டு. வைகறை வானம் மேலிருந்து கீழாக மிக மெல்ல நிறம் மாறும்போது, அம்மாற்றம் 60 படிகளுக்குள் அடங்கிவிட்டது எனக் கொண்டால், 1800 புள்ளி உயரமுள்ள வானில் ஒவ்வொரு படியும் 30 புள்ளி உயரப் பட்டையாகிவிடும். நிறம் வழுவழுப்பாக மாறாமல் பட்டை பட்டையாகத் தெரியும். 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் சுருக்கமுறை படத்தை 8 × 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துக் கையாளுவதால், அளவுக்கு மீறிச் சுருக்கினால் அப்பட்டைகளின்மேல் கட்டங்களும் தோன்றும். கண்ணுக்குப் புலப்படாத அளவில் சிறு மணற்பொரி போன்ற இரைச்சலை வானத்தில் தூவி, சுருக்கத்தையும் மிதமாக வைத்துக்கொண்டால் இக்குறை நீங்குகிறது. கோப்பின் எடையைக் குறைப்பதால் கைபேசியின் சுமை குறைந்துவிடும் என்னும் எண்ணமும் முழுமையாகச் சரியன்று. 1080 × 2400 படம் எந்தக் கோப்பு வடிவில் வந்தாலும், நினைவகத்தில் விரிக்கப்படும்போது புள்ளிக்கு 4 பைட் வீதம் ஏறத்தாழ 1 கோடியே 4 லட்சம் பைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

முத்துநகர் எனப் பெயர்பெற்ற ஊருக்கு முத்துப் படமே முதலில் நினைவுக்கு வரும் என்பதால் அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முத்தின் மேற்பரப்பு, ஒளியின் அலைநீளத்திற்கு அணுக்கமான தடிப்புடைய அரகோனைட் தகடுகள் அடுக்கடுக்காகப் படிந்து உருவாவதால், நோக்கும் கோணம் மாற மாற அதன் ஒளி மாறுகிறது. ஒரே கோணத்தில் உறைந்த படத்தால் அம்மாற்றத்தைத் தர இயலாது. எனவே ஒளியை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழச்செய்து, முத்தின் ஒரு புறம் ஒளிரவும் மறுபுறம் நிழலில் மெல்ல ஆழவும் விடுவதே அதன் உருட்சியைத் திரையில் காப்பாற்றும். கரும்பின்புலமும் இதற்குத் துணைநிற்கும். ஓஎல்இடி வகைத் திரைகளில் கரும்புள்ளிகள் ஒளிராமல் அணைந்தே இருப்பதால் கருமை உண்மைக் கருமையாகிறது, மின்கலமும் சிறிது மிஞ்சுகிறது. வருத்தத்திற்குரியது என்னவெனில், தூத்துக்குடியின் பெயரில் சுற்றும் முத்துப் படங்களில் தென்கடல்களின் பெருமுத்துகள் இடம்பெறுவதாகும். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி சிறியது. அதன் முத்தும் சிறியது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் கே. அழகர்சாமியும் அவர் குழுவினரும் இந்தியாவில் முதன்முதலாக உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கியது இந்நகரில், இந்தச் சிப்பியில்தான். ஊரின் பெயரைத் தாங்கும் படம் ஊரின் சிப்பியைக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் மிகையேதும் இல்லை.

முத்துக்குளிப்பின் படங்களோ இனிப் புதிதாக எடுக்க முடியாதவை. 1955 முதல் 1961 வரை நடந்தவற்றுக்குப் பின் இக்கரையில் முத்துக்குளிப்பு நிகழவில்லை. எனவே வடிவமைப்பாளர் பழைய ஒளிப்படங்களையும் அச்சுச் சித்திரங்களையும் நாட வேண்டியிருக்கிறது. டச்சுப் போதகர் பிலிப்பஸ் பால்டியஸ் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூல் போன்றவற்றிலுள்ள செதுக்குச் சித்திரங்கள் காப்புரிமைக் காலம் கடந்தவை என்றாலும், கடற்கரை ஊர்களை இடவலமாக விரித்துக் காட்டும் அகன்ற காட்சிகளாகவே அமைந்திருக்கின்றன. அத்தகைய சித்திரத்தை நெடிய திரைக்கு இழுத்து நீட்டுவது உருவங்களைச் சிதைக்கும். சித்திரத்தைத் திரையின் அகலத்திற்குச் சரியாகக் கீழ்ப்பகுதியில் பொருத்தி, பழைய தாளின் நிறத்தையே மேலே வானமாக நீட்டிவிடுவது நேர்மையான தீர்வு. செதுக்குக் கோடுகள் சாய்ந்து நெருங்கியவை என்பதால், நகலெடுக்கும்போது இறுதி அளவைவிட இருமடங்குப் பிரிதிறனில் எடுத்துப் பின் குறைப்பது கோடுகளுக்கிடையே பொய்யான அலைவடிவங்கள் தோன்றாமல் காக்கும்.

பல கைபேசிகளுக்கும் ஒரே மூலப்படத்தைத் தயாரிக்க வேண்டிய வடிவமைப்பாளர் எந்தச் சட்டகத்தில் தொடங்குவது என்பதே எஞ்சும் கேள்வி. 1440 × 3200 என்னும் 20:9 சட்டகத்தில் தொடங்கினால், பழைய 16:9 கைபேசியில் மேலும் கீழுமாக 640 புள்ளிகள், அதாவது உயரத்தில் 20 விழுக்காடு, வெட்டுப்படும். 1800 × 3200 என்னும் 16:9 சட்டகத்தில் தொடங்கினாலோ, பழைய கைபேசி முழுப்படத்தையும் காட்டும். புதிய கைபேசி பக்கங்களில் 180 புள்ளிகள் வீதம் விட்டுவிட்டு நடுவிலுள்ள 1440 புள்ளிகளைக் காட்டும். பொன் தேரின் உச்சியையும் கோபுரக் கலசத்தையும் வெட்டக்கொடுக்க முடியாது. கடலின் ஓரத்தையும் உப்பளத்தின் ஓரத்தையும் வெட்டக்கொடுக்கலாம், ஏனெனில் இடவலமாக ஒரே தன்மையுடன் தொடர்வதே இக்கரையின் இயல்பு. ஆகவே இரண்டாம் சட்டகமே தூத்துக்குடிக்கு ஏற்றது. நெடிய திரைக்குள் அடங்க மறுத்த அந்தக் கிடைமட்ட நீட்சியே, பக்கங்களில் கூட்டவும் குறைக்கவும் வல்ல விளிம்பாகவும், பின்னணி நகரும் கைபேசிகளுக்கு வேண்டிய கூடுதல் அகலமாகவும் பயன்படுகிறது.

மடக்குபேசிகள் இக்கணக்கை மீண்டும் கலைக்கின்றன. சாம்சங் கேலக்ஸி இசட் ஃபோல்டு 3 விரிக்கப்படும்போது அதன் உட்திரை 1768 × 2208 புள்ளிகளுடன் சதுரத்தை நெருங்குகிறது. 1800 × 3200 மூலப்படத்தை அதில் இட்டால் உயரத்தில் ஏறத்தாழ 2250 புள்ளிகளே தெரியும். மேலும் கீழும் 475 புள்ளிகள் வீதம் மறையும். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வைத்த தொடுவானம் அப்போதும் திரைக்குள் தப்பி நிற்கும், ஆனால் முன்னணியில் படகையோ சிப்பிக் குவியலையோ படத்தின் அடிவிளிம்பை ஒட்டி வைத்திருந்தால் அது முற்றிலும் போய்விடும். எனவே முதன்மைப் பொருளை அடியிலிருந்து 500 புள்ளிகளுக்கு மேலே ஏற்றி வைப்பதும், அலைதடுப்புச் சுவர்களின் முழு வீச்சையும் காட்ட விரும்பினால் உட்திரைக்கெனத் தனியாகக் கேமராவைக் கிடையாகப் பிடித்து இன்னொரு படம் எடுத்துவிடுவதும் தேவையாகின்றன.